வீரகாதைக்குப் போகும் காற்று

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் காதைத் திருவிழா நெருங்கினால் தாய்மார் முதலில் செய்கிற வேலை, ஓடாதே, சிரிக்காதே என்று பிள்ளைகளை அதட்டுவதுதான். ஒவ்வொரு கழுத்திலும் பதித்திருக்கும் மூச்சளவி பச்சையிலிருந்து மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்ததும் எல்லோரும் படுத்துக்கொள்வார்கள். விழா முடிந்ததும் எழுந்திருப்பார்கள். பழகிப்போன விஷயம்.

காரணமும் எல்லோருக்கும் தெரியும். மேல்தள மண்டபத்தில் அங்குள்ளவர்கள் எல்லோரும் கூடி வேங்கைமாறன் காதையைக் கேட்கும். அணையைத் திறந்து கீழூரை மூழ்கடிக்கச் சொன்ன அரசனிடம் "பணியேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தியவன் வேங்கைமாறன். அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் சபை எழுந்து "நானும் பணியேன்!" என்று முழங்க வேண்டும், அதுதான் மரபு. அத்தனை தொண்டையும் கத்துவதற்குக் காற்று வேண்டாமா? அதற்குத்தான் கீழ்த்தளத்துக்குப் போகும் காற்று வால்வை மூடுவார்கள்.

மூடுகிற வேலை பேராச்சியுடையது. அந்த வருஷம் அவள் மகள் நறுமுகைக்கு இளைப்பு. மூச்சளவி சிவப்புக்குப் போனால் பிள்ளை தாங்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். பேராச்சி வால்வில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"என்னால முடியாது சார்."

"பைத்தியமா உனக்கு?" என்று மேலாளர் எரிந்து விழுந்தார். "நீ மூடலைன்னா இன்னொருத்தன் மூடுவான்."

மூடினான். பேராச்சி தலைதெறிக்க மண்டபத்துக்கு ஓடி மேடையேறினாள்.

"கீழ காத்தை நிறுத்திட்டாங்க! எம் புள்ள செத்துரும்! இதுக்கு நான் பணியேன்!"

சபை குபீரென்று எழுந்தது. "நானும் பணியேன்!" கூரை அதிர்ந்தது. சிலர் தேம்பி அழுதார்கள். பேராச்சிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடேயப்பா, இத்தனை பேரா!

"அப்ப வாங்க, போய் வால்வைத் திறப்போம்!"

எல்லோரும் உட்கார்ந்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும், "அடுத்த பாட்டு ஆரம்பிக்கப் போகுதும்மா, மறைக்காதீங்க," என்றார்.

அவளைக் கீழ்த்தளத்தின் கடைசி அறையில் அடைத்தார்கள். சன்னல் கிடையாது, ஓர் ஒலிபெருக்கி மட்டும் உண்டு. மகள் பிழைத்தாளா என்று கேட்டால் வாய் திறக்க ஆளில்லை. சுவரோடு பேசிப் பேசியே ஒரு வருஷம் போய்விட்டது.

மறுபடியும் திருவிழா. காவல்காரன் சுடலைமுத்து முகமெல்லாம் பூரிப்பாகக் கதவருகே வந்தான்.

"அக்கா, இந்த வருஷம் காதையில உங்க படலமும் சேர்த்துட்டாங்க! உங்க வேஷம் கட்டுறது யார் தெரியுமா? உங்க மக! மேல்தளத்துலயே வீடு குடுத்துட்டாங்களாம்."

பேராச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், நன்றாக மூச்சு விடுகிறாள். அது போதுமே என்று அழுதாள். அதற்குள் ஒலிபெருக்கியில் இளைப்பே இல்லாத அந்தக் குரல் கேட்டது.

"பணியேன்!"

"நானும் பணியேன்!"

பேராச்சிக்கு ஆவேசம் வந்துவிட்டது. கதவைப் படபடவென்று அடித்தாள். "திற தம்பி! நான் இங்கதான் கிடக்கேன்னு அவங்ககிட்ட போய்ச் சொல்லு!"

கழுத்தில் மூச்சளவி மஞ்சளாகி, சிவப்பாகி, கீச்சிட்டது. சுடலைமுத்துவுக்கும் மூச்சு வாங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கத்தாதீங்கக்கா. மேல எல்லாரும் உங்களுக்காகத்தான் முழங்குறாங்க. காத்து பத்தலை."