முப்பது நொடிக்கு ஒரு மிதி

மணிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்த ரயிலின் ஓட்டுநர், தண்டவாளத்தைப் பார்க்காமல், மேசைக்கு அடியில் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில் ஒரு பெடலைத் துழாவிக்கொண்டிருந்தார்.

கம்பி அறுந்திருக்கவில்லை. ஸ்பிரிங் சரியாக இருந்தது. ஆனால் பெடலின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு ரப்பர் வெதுவெதுப்பாக, லேசான ஈரத்தோடு இருந்தது. யாரோ வெறுங்காலை இப்போதுதான் எடுத்துக்கொண்டது போல.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே நல்ல வெயில். கிலோமீட்டர் கல் நூற்று எண்பது ஓடி மறைந்தது.

முப்பது நொடிக்கு ஒரு முறை மேசையில் மஞ்சள் விளக்கு எரியும். ஓட்டுநர் பெடலை ஒரு மிதி மிதித்து விட வேண்டும். மிதித்தால் விளக்கு அணையும். மிதிக்காவிட்டால் மணி அலறும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகவே விழுந்து ரயில் நின்றுவிடும். ஓட்டுநர் தூங்கினாலும் செத்தாலும் பயணிகள் பிழைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வீட்டில் சாப்பிடும்போதுகூட அவருடைய பாதம் தரையைத் தட்டும். "இங்க என்ன ரயிலா ஓடுது?" என்று மனைவி திட்டுவாள்.

இன்று புறப்பட்டதிலிருந்தே விளக்கு அவரை முந்திக்கொண்டிருந்தது. அவர் கால் போய்ச் சேர்வதற்குள் அணைந்துவிடும். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆறு மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்து, முகப்பெல்லாம் மாற்றி, புது பெயின்ட் வாடையோடு இன்றுதான் திரும்பிய வண்டி. ஏதாவது கோளாறு இருக்கும்.

இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். மஞ்சள் விளக்கு எரிந்தது. மேசைக்கு அடியில், சக்கரங்களின் இரைச்சலுக்கும் ஏசியின் முனகலுக்கும் அடியில், மெதுவாக, பொறுமையாக ஒரு சத்தம்.

டக்.

விளக்கு அணைந்தது.

"மாமா, சாப்பாடு பலமோ? ஆளு சத்தத்தையே காணோம்!" கடைசிப் பெட்டியிலிருந்து ஸ்பீக்கரில் கார்டு கூப்பிட்டான். மனைவியின் தம்பி. வாய்க்குப் பூட்டே கிடையாது.

"உனக்கென்னடா, காலை நீட்டிட்டு உக்காந்திருக்கே."

"இருநூத்துப் பதினாலாம் கல்லுல தண்டவாள வேலை நடக்குது, மறந்துடாதீங்க. உங்க மாப்பிள்ளைதான் மேஸ்திரி. கொடியப் பாத்ததும் ஹாரன அடிச்சு வேகத்தக் குறைங்க. அவரு மேல ஏத்திட்டு எங்க அக்கா பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். "வேற ஏதாவது உண்டா மாமா?"

பெடல் தானாக மிதிபடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த நிமிடம் ரயிலை நிறுத்திவிடுவார்கள். பிறகு பெடலைக் கழற்றுவார்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவையும் வெளியே எடுப்பார்கள்.

"ஒண்ணுமில்லடா," என்றார் ஓட்டுநர்.

ஆறு மாதத்துக்கு முன்பு, இதே வண்டி, இதே இருநூற்றுப் பதினான்கு. தண்டவாளத்தில் மூன்று பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் கொடிக்காரர். கொடியைக் கண்டு ஓட்டுநர் ஹாரன் அடிக்க வேண்டும். ஹாரன் கேட்டு அவர்கள் விலக வேண்டும். ஹாரன் கேட்கவில்லை. கொடிக்காரரோடு சேர்த்து நான்கு பேரும் செத்தார்கள். கொடிக்காரரின் உடல் தண்டவாளத்தின் நடுவில் கிடைத்தது. "கொடி காட்டலைங்க" என்று விசாரணையில் ஓட்டுநர் சொன்னார். பெடல் ஒழுங்காக மிதிபட்டதாகப் பதிவுப் பெட்டியும் சொன்னது. பழி முழுவதும் செத்தவர் தலையில் விழுந்தது.

கொடிக்காரரின் மனைவி ஓட்டுநரின் வீட்டு வாசலுக்கே வந்தாள். "எங்க வீட்டுக்காரர் கொடி காட்டவே இல்லைன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

கல் இருநூறு. இன்னும் ஐந்து நிமிடம். விழிப்பாக இருந்தால் போதும் என்று பல்லைக் கடித்தார். இப்போதே வேகத்தைக் குறைத்துவிடலாம் என்று கையை நீட்டப் பார்த்தார்.

கை மடியிலேயே கிடந்தது.

விரல்கள் அசையவில்லை. கால்கள் மரத்திருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கம் போலவே இனிப்பாக, கனமாக ஏதோ ஒன்று இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறியது. நாக்கு தடித்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்கள் மட்டும் மூடவில்லை. மூட முயன்றார். இமைகள் இறங்க மறுத்தன.

டக்.

கல் இருநூற்றுப் பத்து.

"மாமா, இன்னும் வேகம் குறையலையே?"

ஓட்டுநரின் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"பேச மாட்டீங்களா? சும்மா ஒரு ஜோக்குக்குக் கோவமா? சரி, சரி. நீங்க பெடல மிதிக்க மிதிக்க என் பேனல்ல பச்சை விளக்கு டாண்டாண்ணு வந்துட்டே இருக்கு. முழிச்சுத்தான் இருக்கீங்க." ஸ்பீக்கரில் டீ உறிஞ்சும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

தூரத்தில் சிவப்பு.

புதுக் கொடிக்காரர். கொடியை ஆட்டினார். வேகமாக ஆட்டினார். இரண்டு கையாலும். ஓடினார். கடைசி நொடியில் பக்கவாட்டில் பாய்ந்தார். திறந்த வாய் கண்ணாடியோரம் வழுக்கிப் போனது.

ஹாரன் பொத்தான் கைக்கு ஒரு சாண் தூரம்.

ஒரு சாண்.

வளைவு. ஆரஞ்சுச் சட்டைகள். தண்டவாளத்தைத் தேய்க்கும் இயந்திரம். தீப்பொறி. முதுகைக் காட்டிக் குனிந்திருந்த ஒருவனின் மணிக்கட்டில் வெயில் பட்டு மின்னியது. மகள் கல்யாணத்துக்கு ஓட்டுநர் வாங்கிக் கொடுத்த வாட்ச். மாப்பிள்ளை நிமிரவில்லை. ஹாரனை நம்பியிருந்தான்.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

அன்று கொடி காட்டினார்களா இல்லையா என்று ஓட்டுநருக்குத் தெரியாது. அன்று இந்த வளைவு வரைக்கும், ஏழு நிமிடம், அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த ஏழு நிமிடத்தில் பெடல் பதினான்கு முறை மிதிபட்டிருந்தது. யார் மிதித்தது என்று அவர் ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை.

சம்மணமிட்டிருந்த அவர் கால்களுக்குக் கீழே, இருட்டில், அது மிதித்தது.

டக்.