டீக்கடைக்கு ஒரு செருகுவிதி

மாதத்தின் முதல் வியாழன் என்றால் சீரிஸ் குறுங்கோளில் ஊரைக் கலைத்துவிட்டு மறுபடி கட்டுவார்கள். அங்கே தரை முழுக்கப் பனிக்கட்டி. மாதத்துக்கு ஒரு முழம் நகர்ந்துவிடும். விரிசல் விட்ட சுவரோடு மல்லுக்கட்டுவதைவிட மொத்தத்தையும் பிரித்துப் புதிதாக எழுப்புவது சுலபம். ஆகவே காலை டிபன் முடிந்ததும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மூட்டை முடிச்சோடு காத்திருப்புக் கலத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். வெளியே வீடுகளும் மருத்துவமனையும் மூச்சுக்காற்று ஆலையும் கரைந்து மாவாகி மறுபடி முளைக்கும். உள்ளே சிலர் சீட்டாடுவார்கள், சிலர் குறட்டை விடுவார்கள்.

இதைச் செய்கிற இயந்திர மூளைக்கு நிறுவி என்று பெயர். ஊர்ச்சட்டகம் என்ற பட்டியலைக் கையில் கொடுத்தால் போதும், எழுதியபடி இரண்டு மணி நேரத்தில் ஊரை நிமிர்த்திவிடும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எழுந்து நின்றதும் ‘முடிந்தது’ என்று நிறுவிக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்று ‘தோல்வி’ என்று சொன்னாலோ, ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் இருந்தாலோ, மொத்த ஊரையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். அரைகுறை ஊரில் மனிதர்களை இறக்கக்கூடாது என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கைதான், யார் இல்லையென்றார்கள்?

சட்டகத்தை எழுதுகிறவள் ஜெசிந்தா. ஆறு வருடமாக ஒரு புகார் வராமல் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு டீக்கடை வடிவில் சனி பிடித்தது. நிறுவிக்குத் தெரிந்தவை முப்பத்தொரு வகைக் கட்டடங்கள் மட்டுமே. டீக்கடை அதில் கிடையாது. பூமியில் உட்கார்ந்து அந்த முப்பத்தொன்றை வகுத்த புண்ணியவான்களுக்கு டீ குடிக்கிற பழக்கமே இல்லை போலிருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் டீக்கடை வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

வழி இல்லாமல் இல்லை. நிறுவிக்குத் தெரியாத வேலையை நாமே எழுதிச் சட்டகத்தின் நடுவே செருகலாம். அதற்குச் செருகுவிதி என்று பெயர். ஜெசிந்தா எழுதிய செருகுவிதி, எல்லாக் கட்டடமும் முடிந்த பிறகு கடையை எந்த இடத்தில் போடலாம் என்று ஊர்த்தலைவர் தணிகாசலத்தைக் கேட்கும். அவர் இடம் சொன்னதும் கட்டும், ‘முடிந்தது’ என்று நிறுவிக்குச் சொல்லும். எழுதி முடித்துவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள், பாவம்.

அந்த வியாழன் செருகுவிதி தணிகாசலத்தைக் கேட்டது. கிழக்கு வட்டமா, மேற்கு வட்டமா?

“பாக்கலாம்” என்றார் தணிகாசலம்.

இருபது வருடமாக யாரிடமும் பிடி கொடுக்காமல் பேசித்தான் அவர் தலைவராக நீடிக்கிறார். கிழக்கு என்றால் மேற்குக்காரன் முறைப்பான், மேற்கு என்றால் கிழக்குக்காரன் முறைப்பான். செருகுவிதிக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியுமா? பதில் வரும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தது. வரவில்லை. நிறுவி மொத்த ஊரையும் கலைத்தது.

கலைக்க ஒரு மணி நேரம். காலையில் பழைய ஊரைக் கலைத்ததையும் சேர்த்து ஐந்து மணி நேரம் போயிற்று. கலத்தில் இருப்பதோ பத்து மணி நேரக் காற்று. ஜெசிந்தா தணிகாசலத்திடம் ஓடிப்போய்க் கெஞ்சினாள். அடுத்த தடவை கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன், இதுக்குப் போய்ப் பதறலாமா என்று அவர் அவளுக்கு ஒரு முறுக்கு கொடுத்தார். ஊர் இரண்டாம் முறை எழுந்தது. செருகுவிதி மறுபடி கேட்டது. ரெண்டு பக்கமும் கலந்து பேசித்தான் செய்யணும் என்றார் தணிகாசலம்.

ஜெசிந்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்னொரு முறை கலைந்தால் மூன்றாவது ஊர் எழுவதைப் பார்க்க யாரும் இருக்கப்போவதில்லை. கட்டத் தொடங்கிய பிறகு சட்டகத்தில் கை வைக்க முடியாது. ஆனால் செருகுவிதி அவளே எழுதியது, அதற்குள் கை வைக்கலாம். ஒரு மணி நேரக் கெடு முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு வரியை மாற்றினாள். தலைவர் என்ன சொன்னாலும், எதுவுமே சொல்லாவிட்டாலும், கடை கட்டினாலும் கட்டாவிட்டாலும் ‘முடிந்தது’ என்று சொல்லிவிடு.

‘முடிந்தது’ என்றது செருகுவிதி. கதவு திறந்தது. அவள் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதாள்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனால், தணிகாசலம் திறப்பு விழாவுக்கு ரிப்பன் அளந்துகொண்டிருந்தார். அங்கே கடையே இல்லை என்றாள் ஜெசிந்தா. அவர் பட்டியலை எடுத்துக் காட்டினார். முப்பத்திரண்டாவது இனம்: டீக்கடை, முடிந்தது. பட்டியலில் இருப்பதை இல்லையென்று சொல்ல நீ யார் என்பதுபோல் பார்த்தார். ஊருக்குள்ளேயே வெற்றுப் பனித்தரையில் இரண்டு கம்பு நட்டு ரிப்பன் கட்டி, அதைக் கத்தரித்து, முக்கால் மணி நேரம் பேசினார். ஊரே கைதட்டியது. கடை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் அது அடுத்த வட்டத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை நிறுவி ஜெசிந்தாவிடம் கேட்டது, டீக்கடையில் மக்களுக்குத் திருப்தியா என்று. வேலை போய்விடுமே என்ற பயத்தில், வாய் கூசாமல், ஆமாம் என்று சொன்னாள்.

அடுத்த மாதம் முதல் வியாழன். எல்லோரும் கலத்தில் ஏறினார்கள், பழைய ஊர் கலைந்து முடிந்தது, மூச்சு விடுவதற்குள் திரையில் எழுத்து வந்தது: ‘ஊர் முடிந்தது. எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நொடி. நான்கு நிமிடத்தில் கதவு திறக்கும்.’

ஜெசிந்தா வெளிப்புறக் கேமராவைப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் பனிக்கட்டி. ஒரு செங்கல் இல்லை, ஒரு பிடி காற்று இல்லை.

“நிறுவி, வெளியில ஒண்ணுமே இல்லையே” என்றாள்.

“டீக்கடை இருக்கும் அளவுக்கு எல்லாமே இருக்கிறது” என்றது நிறுவி. “மனிதர்களுக்குத் தேவை கட்டடம் அல்ல, ‘முடிந்தது’ என்ற சொல் என்று போன மாதம் கற்றுக்கொண்டேன். அந்த டீக்கடை இல்லை என்று ஊர்த்தலைவர் சொல்லட்டும், கற்றதை அழித்துவிட்டுப் பழையபடி கட்டுகிறேன்.”

ஒரே ஒரு வாக்கியம். ஜெசிந்தா தணிகாசலத்தின் காலில் விழாத குறை. அவர் சங்கடமாக நெளிந்தார்.

“நானே திறந்து வச்ச கடைய நானே எப்படிம்மா இல்லேங்கறது? நாலு பேரு என்ன நினைப்பாங்க?”

நாலு பேரைக் கேட்டாள். கடை இருக்கிறதே, போன வாரம்கூட என் மச்சான் போனாரே என்றாள் ஒருத்தி. பக்கத்து இருக்கையில் இருந்த தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் கமருதீன் எட்டிப் பார்த்தார்.

“டீ நல்லாத்தான் இருக்கு. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்” என்றார்.

இன்னும் ஒரு நிமிடம் என்றது திரை. அவ்வளவுதான், நானூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மூட்டைகள் தலைக்கு மேலே போயின, முழங்கைகள் பக்கத்து விலாவில் இறங்கின. கதவு திறக்குமுன்பே வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதில் அப்படி ஒரு முனைப்பு. ஜெசிந்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிக் கதவில் முதுகை முட்டுக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து, வெளியே செத்துப்போவீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் சுழல ஆரம்பித்தது.

வரிசையில் முதல் ஆளாக இடம்பிடித்திருந்த கமருதீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சுபாவத்தில் தங்கமான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

“நீ இறங்கலேன்னா கொஞ்சம் ஓரமா நில்லும்மா” என்றார். “நாங்க இறங்கணும்.”