கண்ணுக்கு மேலே ஒரு பொட்டு

“ஆண்ட்டி, நான் இங்க நின்னா உங்களுக்குத் தெரியாதா?”

முதலாம் ஆண்டு கவிநேசன் இப்படிக் கேட்டபோது அவன் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவனுக்கு ஒரு முழம் தள்ளி மஞ்சள் நிறப் பள்ளி பஸ்ஸின் முன்சக்கரம் இருந்தது. பஸ்ஸை ஓட்டி வந்த விஜயராணி இறங்கி ஓடிவந்து அவன் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

நடந்தது இதுதான். பள்ளி வாசலில் பிள்ளைகள் எல்லாரும் இறங்கி உள்ளே ஓடிவிட்டார்கள். விஜயராணி வலக் கண்ணாடியைப் பார்த்தார். இடக் கண்ணாடியைப் பார்த்தார். யாரும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். அதே நொடியில், எதிரே பஸ்ஸைப் பார்த்தபடி நின்ற, செம்பனைப் பழக்குலை ஏற்றும் ஒரு லாரி ‘பாம்ம்ம்’ என்று நீளமாக ஹார்ன் அடித்தது.

“பள்ளிக்கூட வாசல்ல யாரு இப்படி அடிக்கிறது?” என்று முணுமுணுத்தபடி அவர் மறுபடி பிரேக்கை மிதித்தார்.

லாரியின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. அது பஸ்ஸின் இடப்பக்கச் சக்கரத்தைச் சுட்டிக் காட்டியது. அங்கே கவிநேசன் குனிந்து, உருண்டுபோன போத்தலை எடுத்துக்கொண்டிருந்தான்.

லாரியை ஓட்டியவர் வசந்தன். மறுநாள் பெம்பானில் சாலையோரம் தேத்தண்ணி விற்கும் ஒட்டுக்கடையில் விஜயராணி அவரிடம் நன்றி சொல்லப் போனார். கூடவே மகள் அஞ்சனாவும் போனாள். நடந்ததை அவளும் ஹார்ன் சத்தம் கேட்டுப் பள்ளி வாசலில் திரும்பி நின்று பார்த்திருந்தாள்.

வசந்தன் தேத்தண்ணியை ஆற்றியபடி, “என்னா தேங்க்ஸ்? சும்மா அடிச்சேன் லா, ஹார்னு,” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அதன்பிறகு அவர் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விஜயராணி தலைகுனிய வேண்டியிருக்கும். அது அஞ்சனாவுக்குத் தெரியும்.

ஒட்டுக்கடைக்குப் போய்வந்த அன்று மாலை விஜயராணி பஸ்ஸை வீட்டு முன்னால் நிறுத்தினார். என்ஜினை அணைத்து, சாவியை மகள் கையில் கொடுத்தார்.

“அஞ்சு, நீ பஸ்ஸைச் சுத்தி ஒவ்வொரு இடமா நில்லு. நான் சீட்ல உட்கார்ந்து பார்க்கிறேன்.”

அஞ்சனா இடப்பக்கச் சக்கரத்தருகே நின்றாள். “தெரியுதாம்மா?”

“இல்லை.”

பம்பரை ஒட்டி முன்னால் நின்றாள். “இப்ப? கையைத் தூக்கிட்டேன்.”

“விரல் மட்டும் தெரியுது.”

பின்பக்கம் போனாள். “அம்மா, நான் குதிக்கிறேன்.”

“எங்க இருந்து குதிக்கிறே?”

அம்மாவுக்குத் தெரியாத இடங்களையெல்லாம் அஞ்சனா சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினாள். விஜயராணி இறங்கி வந்து பார்த்தார். ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் உட்காரும் அளவு இடம் அந்தக் கோட்டுக்குள் கிடந்தது.

“இத்தனை நாளா எல்லாம் தெரியுதுன்னு நினைச்சு ஓட்டியிருக்கேன்,” என்றார்.

அடுத்த வாரமே பஸ் பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனது. திரும்பி வந்தபோது அதன் நான்கு பக்கமும் குட்டிக் கேமராக்கள் இருந்தன. மழை படாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் மேலே தொப்பி மாதிரி ஒரு மூடி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை. பஸ்ஸை ஒட்டி யாராவது நின்றால் திரையில் அந்த இடம் சிவப்பாகும். ‘டிட் டிட்’ என்று சத்தமும் வரும்.

கவிநேசன் அதே சக்கரத்தருகே போய் நின்றான். “ஆண்ட்டி, இப்ப தெரியுதா?”

“தெரியுது ராசா. சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கியே, அதுவும் தெரியுது.”

பஸ் முழுவதும் சிரித்தது. கவிநேசன் அவசரமாகக் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

ஒட்டுக்கடையில் மட்டும் வேறு மாதிரிப் பேச்சு. “என்ன ராணி, பஸ் ஓட்டுறியா, டிவி பார்க்கிறியா?” என்றார் வசந்தன்.

“நாடகம் நல்லாப் போகுதுண்ணே. நீங்களும் வந்து ஒரு நாள் நடிங்க,” என்றார் விஜயராணி.

வசந்தனின் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அவர் ஓட்டும் லாரிக்கும் முதலாளி அதே மாதிரிக் கேமராக்களைப் பொருத்திவிட்டார்.

“தலை நரைச்சுப் போச்சு. இப்ப ஒரு பெட்டி வந்து எனக்கு டிட் டிட்னு பாடம் நடத்துது,” என்று அவர் கடைக்கு வரும் எல்லாரிடமும் புலம்பினார்.

ஆயுத பூசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை மாரியம்மன் கோயில் வாசலில் பஸ், லாரி, வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் வரிசையாக நின்றன. விஜயராணி பஸ்ஸைத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார். ஸ்டியரிங், சக்கரம், விளக்கு, கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கேமராக்களிடம் வந்ததும் கை கூப்பினார்.

“பிள்ளைங்களைக் காப்பாத்துறதே இதுதான்,” என்று சொல்லி, இருப்பதிலேயே பெரிய பொட்டாக அவற்றுக்கு வைத்தார்.

பக்கத்தில் வசந்தனும் தன் லாரிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். “இவனுக்கு நல்லா அப்பணும். அப்பத்தான் வாயை மூடிக்கிட்டு இருப்பான்,” என்று ஒரு கேமராவில் சந்தனத்தை அள்ளி அப்பினார்.

திங்கட்கிழமை விடியற்காலை இன்னும் இருட்டாக இருந்தது. விஜயராணி பஸ்ஸைக் கிளப்பினார். திரை முழுக்கச் சிவந்தது. ‘டிட் டிட் டிட் டிட்’ என்று சத்தம் நிற்கவே இல்லை. ஏறிய பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“பூசைக்குக் கழுவினப்ப உள்ள தண்ணி போயிருச்சு போல,” என்று அம்மா, பட்டறை திறந்ததும் போன் செய்தார்.

“சனிக்கிழமை கொண்டு வாங்கக்கா. அதுவரைக்கும் ஆஃப் பண்ணி வைங்க,” என்றார்கள்.

அம்மா ஆஃப் செய்தார். ஆனால் அவர் மனம் ஆஃப் ஆகவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினார். செவ்வாய்க்கிழமை பஸ் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது. வாசலில் நின்ற மாணவர் தலைவன் எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொண்டான். பெரிய பையன்கள் முகம் சுளித்தார்கள்.

“தாமதம் ஆனாப் பரவாயில்லை. இன்னொரு தடவை அந்தப் பிள்ளை என்கிட்ட அப்படிக் கேட்கக்கூடாது,” என்றார் அம்மா. சொல்லிவிட்டு, பஸ்ஸைச் சுற்றிப் பார்க்க மறுபடி இறங்கினார். அஞ்சனா அதைப் பார்த்தாள்.

“அம்மா, சனிக்கிழமை வரைக்கும் நான் கேமராவா இருக்கேன்,” என்றாள்.

“சக்கரத்துக்கிட்ட நீ நிக்கவே கூடாது.”

“தள்ளித்தான் நிப்பேன். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இறங்கி நடைபாதையில. சின்னப் பிள்ளைங்க எல்லாம் உள்ள போனதும் கையைத் தூக்குறேன். அப்புறம் நீங்க எடுங்க.”

புதன்கிழமை அப்படியே செய்தார்கள். பெயர் எழுதும் நேரத்துக்கு முன்பே பஸ் போய்ச் சேர்ந்தது. மத்தியானம், பள்ளி விட்டு மற்ற பிள்ளைகள் வருவதற்காக அஞ்சனா நடைபாதையில் காத்திருந்தாள். நல்ல வெயில். பஸ்ஸின் இடப்பக்கக் கேமராவை அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

மூடிக்குக் கீழே, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

“அம்மா, இறங்கி வாங்க.”

விஜயராணி வந்து பார்த்தார். முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் கையால் வைத்த பொட்டு. அவருக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது.

“ஈரத்துணி எடுத்துட்டு வரட்டாம்மா?”

“இரு அஞ்சு. சாமி முன்னால வெச்ச பொட்டு. அதைப் போய்த் துடைக்கிறதா? மழையிலயும் வெயில்லயும் தானாப் போகணும்.”

“மேல மூடி இருக்கே. மழையே படாதும்மா.”

அம்மா மூடியைத் தொட்டுப் பார்த்தார். அவர் ஒரு நாளும் பூசைப் பொட்டைத் துடைத்ததில்லை. அஞ்சனாவுக்கும் அதைத் துடைத்து எறிய மனம் வரவில்லை. ஆனால் கவிநேசன் புத்தகப் பையை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். அவள் யோசித்தாள். ஆடி வெள்ளிக்குக் கோயிலில் பார்த்தது நினைவுக்கு வந்தது.

“அம்மா, மாரியம்மனுக்குச் சந்தனக் காப்புப் போடுவாங்கல்ல? முகம் எல்லாம் சந்தனமா இருக்கும்.”

“ஆமா.”

“கண்ணை மூடுவாங்களா?”

விஜயராணி மகளைப் பார்த்தார். “மாட்டாங்க. கண்ணை விட்டுட்டுத்தான் சாத்துவாங்க.”

“அப்ப பஸ்ஸுக்கும் பொட்டு நெத்தியில இருக்கட்டும். கண்ணுல வேணாம்.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவரே துணியை நனைத்து எடுத்து வந்தார். ஒவ்வொரு கேமராவின் கண்ணையும் கோயில் விளக்கைத் துடைப்பதுபோல் பதமாகத் துடைத்தார். துடைத்து வந்த சந்தனத்தை அஞ்சனா ஒற்றை விரலால் எடுத்து, கேமராவுக்கு மேலே மூடியின் நெற்றியில் வைத்தாள்.

அம்மா சீட்டில் ஏறித் திரையைப் போட்டார். சிவப்பு இல்லை, சத்தம் இல்லை. திரையில் பளிச்சென்று அஞ்சனா நின்றாள். அவள் மூக்கின் நுனியில்கூடச் சந்தனம் ஒட்டியிருந்தது.

“தெரியுதாம்மா?”

“தெரியுது. மூக்கைத் துடை.”

மறுநாள் காலை மழை. பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குள் ஓடினார்கள். கண்ணாடிகளில் நீர் வழிந்தது. எதுவும் சரியாகத் தெரியவில்லை. விஜயராணி கிளம்பப் போனார். ‘டிட் டிட்.’ திரையின் இடப்பக்கம் சிவந்தது. அதில் ஒரு சின்னக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே ஒரு சப்பாத்து.

அவர் ஜன்னலைத் திறந்து, “கவிநேசா, சப்பாத்து மாட்டியாச்சா?” என்று கேட்டார்.

குடை திடுக்கிட்டு நிமிர்ந்தது. “இன்னும் கயிறு கட்டலை ஆண்ட்டி.”

“அங்க வேணாம். நடைபாதைக்குப் போய்க் கட்டு. நான் நிக்கிறேன்.”

பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. விஜயராணி அசையவில்லை. கவிநேசன் நடைபாதையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கயிறு கட்டி, எழுந்து கை காட்டினான். பிறகுதான் பஸ் நகர்ந்தது.

மகனை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்ட ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “பரவாயில்லையே. யாரு பஸ் இது?” என்றார்.

வாசலில் நின்ற அஞ்சனா மழையையும் மறந்து நிமிர்ந்தாள். “எங்க அம்மா பஸ் அங்கிள்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து அம்மாவும் மகளும் ஒட்டுக்கடைக்குப் போனார்கள். வசந்தன் உள்ளே உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

“என் லாரியில இருந்த அந்தப் பெட்டி செத்துப் போச்சு. பூசையில இருந்து ஒரே கத்தல். ஆஃப் பண்ணிட்டேன். நிம்மதி.”

“பட்டறையில காட்டுங்களேண்ணே,” என்றார் கடைக்காரர்.

“எதுக்கு லா? எனக்கு என்ன கண்ணு தெரியாதா?” எல்லாரும் சிரித்தார்கள்.

அஞ்சனாவுக்கு எழுந்து சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொன்னால், அவரே தன் கையால் கேமராவை மூடிய கதை கடை முழுவதும் சிரிப்பாகிவிடும். நீளமாக அடித்த அந்த ஹார்ன் அவள் காதில் கேட்டது. அன்றைக்கு அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

“அம்மா, பஸ்ஸுல ஒரு வேலை இருக்கு. இதோ வரேன்.”

லாரி கடைக்குப் பக்கத்தில், கோயில் மதிலோரம் நின்றது. என்ஜின் நின்றிருந்தது. ஓட்டுநர் சீட் காலி. வசந்தன் மாமாவின் குரல் இன்னும் கடைக்குள் கேட்டது. அதையெல்லாம் பார்த்துக்கொண்ட பிறகுதான் அஞ்சனா ஈரத்துணியுடன் கிட்டே போனாள். கதவுப் படியில் ஏறி இடப்பக்கக் கேமராவைத் துடைத்தாள். அப்பிய சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. ஊறவைத்து ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. மற்ற பக்கங்களையும் துடைத்தாள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அணைத்து வைத்திருந்த திரையின் சுவிட்சையும் போட்டுவிட்டாள். துணியைப் பிழிந்து பைக்குள் போட்டுக்கொண்டு, கடைக்கு வந்து தன் மைலோவைக் குடித்தாள்.

“வேலை முடிஞ்சுதா?” என்றார் அம்மா.

“முடிஞ்சுதும்மா.”

திங்கட்கிழமை காலை அவர்களுடைய பஸ் ஒட்டுக்கடையைத் தாண்டியது. கடையோரம் செம்பனை லாரி மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சைக்கிள்காரர், கையில் ரொட்டிப் பொட்டலத்துடன், எதையும் கவனிக்காமல் குறுக்கே போனார். லாரி சட்டென்று நின்றது. சைக்கிள் கடந்து போகும்வரை அப்படியே காத்திருந்தது.

லாரிக்குள் வசந்தன் தன் பக்கத்தில் இருந்த திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது, எப்படிச் சரியானது என்று அவருக்குப் புரிந்திருக்காது. மஞ்சள் பஸ்ஸைப் பார்த்ததும் அவர் ‘பாம்’ என்று ஒரு முறை ஹார்ன் அடித்தார்.

“அண்ணன் எதுக்கு ஹார்ன் அடிக்கிறாரு?” என்றார் அம்மா.

அஞ்சனா ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தாள். அதன் கேமராவின் நெற்றியில் சந்தனப் பொட்டு காலை வெளிச்சத்தில் அழகாக இருந்தது.

“சும்மா அடிச்சிருப்பாரும்மா,” என்றாள்.