வீட்டைப் பார்த்து வளைந்த சால்கள்

ஸ்டீயரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. உழ இறங்கிய முதல் நாளே நெட்டையன் அதைக் கவனித்துவிட்டான். கவனிக்காமல் எப்படி இருப்பான்? மூன்று மாதமாக அந்த டிராக்டரோடுதானே அவன் குடித்தனமே நடத்தினான். துருப்பிடித்துக் கிடந்த கிழட்டு இரும்பை லாரியில் ஏற்றி வந்து, இன்ஜினை இறக்கி, பிஸ்டன் மாற்றி, கிளட்ச் மாற்றி, ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து மாட்டியவன். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் சாப்பிடும்போதும் மணக்கும். இனிமேல் உழவுக்கு அடுத்தவன் வண்டியைக் கேட்டு எவன் வாசலிலும் போய் நிற்க வேண்டாம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன். ஒரு பக்கம் இழுக்கிறதா, டயரில் காற்று குறைந்திருக்கும் என்று அவனே காற்றடித்துப் பார்த்தான்.

மறுநாளும் இழுத்தது. பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி ஒரு சின்ன உறுத்தல், அவ்வளவுதான். கையைத் தளர்த்தினால் போதும், யாரோ எதிரே உட்கார்ந்து மெல்ல வாங்குவது போல ஸ்டீயரிங் நழுவும். சாயங்காலமே வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனான். மெக்கானிக் நல்ல வேலைக்காரர். ஆனால் எப்போது பார்த்தாலும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். முன் அச்சைத் தட்டிப் பார்த்தார், ராடுகளை ஆட்டிப் பார்த்தார், நெட்டையன் வீடு இருக்கிற பக்கமாகவே ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தார்.

"அம்பு மாதிரி நேரா போகுது. உன் கண்ணுதான் கோணல்" என்றார். "ஏற்கெனவே ஒரு பழுதை ஒழுங்கா பாக்காம வீட்டுக்காரம்மா காலை உடைச்சே. இப்போ இல்லாத பழுதைத் தேடிக்கிட்டு வந்து நிக்கிறே."

அந்த வார்த்தை நெட்டையனுக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மைதானே. ஐந்து வாரத்துக்கு முன்னால், இன்ஜின் முதன்முதலாகக் கிளம்பிய அன்று, அவன் சந்தோஷத்தில் கத்திய கத்தலைக் கேட்டு அவன் மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள். வண்டிக்கு முன்னால் நின்று கைதட்டினாள். அந்த நேரத்தில்தான் வண்டி நகர்ந்தது. சமதளம். நியூட்ரலில்தான் போட்டிருந்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் சத்தியம் செய்வான். முன் சக்கரம் அவள் இடது பாதத்தில் ஏறி, அங்கேயே நின்றது. தாண்டிப் போகவில்லை. அவன் கீழே குதித்துத் தோள் கொடுத்துத் தள்ளியும் நகரவில்லை. அவள் அலறி மயங்கி விழுந்த பிறகுதான், என்னவோ இவ்வளவு போதும் என்பது போல, பின்னால் உருண்டது. கியர் தானாக விழுந்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். நெட்டையன் கியர் பெட்டியைப் பிரித்து அதையும் சரி செய்தான்.

அன்றிலிருந்து அவள் முழங்கால் வரை மாவுக்கட்டோடு வயலைப் பார்த்த முன்னறையில் ஜன்னலோரம் கிடந்தாள். வாய் மட்டும் சும்மா கிடக்கவில்லை.

"வந்தாச்சா? உங்க ரெண்டாவது சம்சாரம் சௌக்கியமா?" என்பாள் அவன் உள்ளே நுழைந்ததும். "என் காலை ஒடிச்ச சக்களத்திக்கு பெயின்ட் என்ன, பாலிஷ் என்ன! எனக்கு ஒரு புதுப் புடவை எடுத்துத் தர ஆள் இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே அவள் காலடியில் உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை நீவிவிடுவான். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பிள்ளைகள் இல்லை, பெரியவர்களும் இல்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன். அவளுக்கு ஒன்று என்றால் அவனால் தாங்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாம் நாள் காலையில், வயலின் மேற்குக் கோடியில் வண்டியைத் திருப்பி, வந்த வழியே மறு சால் பிடித்தபோதுதான் அவனுக்கு அது உறைத்தது. காலைப் பனி இன்னும் விலகவில்லை. புரட்டிய ஈர மண்ணின் வாடையும் புகையின் காரமும் மூக்கில் ஏற, இன்ஜின் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்க, ஸ்டீயரிங் இப்போது அவன் கையை வலது பக்கமாக இழுத்தது. போகும்போது இடது. வரும்போது வலது. இரண்டு முறை போய் வந்து பார்த்தான். பழுது பக்கம் மாறுமா? தேய்ந்த ராடு தேய்ந்த பக்கம்தானே இழுக்கும்?

வண்டியை நிறுத்திவிட்டு வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினான். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தான். மூன்று நாளாக உழுத அத்தனை சால்களும், அவன் நேராக ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு போட்ட அத்தனை கோடுகளும், நடுவில் வளைந்திருந்தன. கொஞ்சம்தான், ஒரு முழம், ஒன்றரை முழம். எல்லாம் ஒரே பக்கம். வயல் முழுக்க வீட்டைப் பார்த்துத் தொய்ந்திருந்தது. அந்த வளைவுகளின் வயிறு எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று கண்ணாலேயே அளந்துகொண்டு வந்தான். அவன் நின்ற இடத்துக்குக் கீழே. முன்னறை ஜன்னல்.

பைத்தியக்காரத்தனம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். ஆனாலும் அன்று மத்தியானம் மனைவியைக் கட்டிலோடு நகர்த்தி, நீளமான அந்த வீட்டின் மறு கோடியில், சாமான் போடுகிற அறைக்குக் கொண்டுபோனான்.

"ஏங்க, இங்க காத்தே வரலையே. எலி வாடை வேற."

"ரெண்டு நாள் பொறுத்துக்கோ. முன்னறைக்கு வெள்ளை அடிக்கணும்."

"மூணு மாசமா வீட்டுல ஒரு ஆணி அடிக்கலை. இப்போ வெள்ளை அடிக்கிறீங்களாக்கும்!" என்று முணுமுணுத்தாள்.

சாயங்காலம் நாலு சால் மட்டும் ஓட்டினான். வேண்டுமென்றே பிடியைத் தளர்த்தி ஓட்டினான். பிறகு மாடி ஏறினான். பழைய சால்களின் வளைவு முன்னறைக்கு நேரே அப்படியே இருந்தது. புது நாலு சால்களும் அதைத் தாண்டிப் போய், வீட்டின் மறு கோடிக்கு நேரே வளைந்திருந்தன.

வீட்டை இல்லை. அவளை.

மாடியிலேயே உட்கார்ந்து, டிராக்டரை விற்ற கிழவருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, உங்ககிட்ட டிராக்டர் வாங்கினவன் பேசுறேன். ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குது, அதான்..."

"யார் மேல ஏறுச்சு?" என்றார் கிழவர்.

நெட்டையன் சட்டென்று எழுந்து நின்றான்.

"சொல்லு தம்பி. ஆள் பிழைச்சுதா?"

"என் சம்சாரம். கால்ல மட்டும்தான்..."

"என் வீட்டுக்காரிக்கு முதல்ல கை" என்றார் கிழவர். "நாலு வருஷம் வண்டியை அவ பக்கம் போகவிடாம பாத்துக்கிட்டேன். ஒரு நாள் நான் வீட்டுல இல்ல. அதுக்கப்புறம் ஒரு பக்கமும் இழுக்கல. நேரா ஓடுச்சு. உன்கிட்ட நான் பொய் சொல்லலையே தம்பி, நேரா ஓடும்னுதானே சொன்னேன்?"

"அடப்பாவி! தெரிஞ்சே என் தலையில கட்டினியா? நீ நல்லா இருப்பியா?"

போன் துண்டிக்கப்பட்டிருந்தது.

மறுநாள் மாவுக்கட்டுப் பிரிக்கிற நாள். அவள் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். நெட்டையன் அவரைத் தனியே கூப்பிட்டான். "மச்சான், கட்டு பிரிச்சதும் அவளை உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. நான் சொல்ற வரைக்கும் இங்க அனுப்பாதீங்க."

"ஏன், சண்டையா?"

"சண்டைன்னே வெச்சுக்குங்க."

கார் கேட்டைத் தாண்டியதும் வயலுக்கு ஓடினான். வீட்டிலிருந்து முந்நூறு அடி தள்ளி, கலப்பையைக் கழற்றி, டிராக்டரைப் புழுதிக்குள் நிறுத்தியிருந்தான். நின்ற இடத்திலேயே அதன் முன் சக்கரங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. மெதுவாக, கடிகார முள் மாதிரி, ரோட்டில் போகிற காரோடு கூடவே. டயரின் அடியில் மண்கட்டிகள் ஒவ்வொன்றாக நொறுங்குகிற சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. இன்ஜின் நின்றிருந்தது. சாவி அவன் பையில் இருந்தது.

இனி யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று மாதம் பூட்டியதை ஒரே நாளில் பிரித்துப்போட வேண்டியதுதான். டீசலை முழுக்க வடித்து வாய்க்காலில் ஊற்றினான். பேட்டரியைப் பிடுங்கி வரப்புக்கு அப்பால் எறிந்தான். முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகளை முட்டுக் கொடுத்து, இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றி உருட்டிவிட்டான். சனியனே, சனியனே என்று ஒவ்வொரு நட்டுக்கும் திட்டினான். பின் சக்கரங்கள் ஆள் உயரம், ஒற்றை ஆள் கழற்றுகிற சமாச்சாரம் இல்லை. ஆகவே கடைசியாக ஸ்டீயரிங் ராடைக் கழற்றிவிடலாம் என்று ஸ்பானரோடு மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான். முதுகில் மண் சில்லென்றிருந்தது. பழைய ஆயிலின் வாடை. தலைக்கு மேல் கறுத்த இரும்பு. வெளியே நல்ல வெயில், எங்கோ ஒரு காகம்.

இரண்டாவது நட்டில் ஸ்பானர் நழுவியது.

ராடு நகர்ந்திருந்தது.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். சக்கரம் இல்லாத மொட்டை அச்சு முனைகள் இரண்டும் திரும்பிக்கொண்டிருந்தன. தெற்கே ரோட்டை நோக்கி. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டை நோக்கி. அப்புறம்தான் கார் சத்தம் அவன் காதுக்கு எட்டியது.

"வேண்டாம்" என்றான் நெட்டையன். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

கார்க் கதவு சாத்துகிற சத்தம். கார் திரும்பிப் போகிற சத்தம். பிறகு அவள் குரல், தூரத்திலிருந்து, வம்புக்கு இழுக்கிற அதே குரல். "என்னமோ என்னை அண்ணன் வீட்டுக்குத் துரத்திட்டீங்களாம்? என் வீடு இருக்க நான் எதுக்குங்க அங்க போகணும்? பாருங்க, நடக்கிறேன்!"

அவன் நெளிந்து வெளியே வரப் பார்த்தான். முட்டுக் கொடுத்திருந்த கட்டை ஒன்று கிறீச்சிட்டது. சரிந்தது. அச்சு இறங்கி அவன் சட்டையையும் தோள்பட்டையையும் சேர்த்து மண்ணில் அழுத்தியது. நசுக்கவில்லை. பிடித்துக்கொண்டது.

"வராதே! உள்ளே போ! போடீ!"

பதினாறு வருஷத்தில் அவளை அப்படி அதட்டியதில்லை. அவள் நின்றாள். அச்சின் இடுக்கு வழியே அவனுக்கு அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்று பாதம் சிவந்து வீங்கி, கெண்டைக்கால் புதிதாய்ப் பிறந்தது போல மெலிந்து. ஒன்று நல்ல கால். நடுவில் ஒரு ஊன்றுகோல்.

"ஏங்க? ஏன் அடியில கிடக்கீங்க?"

தலைக்கு மேல் இன்ஜின் ஒருமுறை இருமியது.

டீசல் இல்லை. பேட்டரி இல்லை.

மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது. அவன் கையாலேயே சீர்செய்த, குறை சொல்ல முடியாத அந்தச் சத்தம். அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. பின்னால் பெரிய சக்கரங்கள் மண்ணைக் கடித்தன. அச்சு நகர்ந்தது. அவனையும் இழுத்துக்கொண்டு. ஒரு அடி. இரண்டடி. அவன் குதிகாலை மண்ணில் ஊன்றினான். இரண்டு கையாலும் அச்சைத் தள்ளினான். போ, போ, ஓடிப் போ என்று வாய் மட்டும் அசைந்தது.

அவள் ஓடிப் போகவில்லை. தன் புருஷனை இரும்பு இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தாள். ஊன்றுகோல் கீழே விழுந்தது. அந்த வீங்கின காலையும் சேர்த்து ஊன்றி, இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டிக்கொண்டு, அவள் நேரே வண்டியைப் பார்த்து ஓடி வந்தாள்.