உப்பு போடாத சூப்

காலைக் காபியைக் குடித்து முடித்த கையோடு கணவன் முடிவைச் சொல்லிவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து சமையலுக்கு ஆள் வருகிறது. ஒரு வருஷமாக இந்த வீட்டில் எதிலும் உப்பில்லை, சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்றான். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாயைத் திறந்தால் உண்மையும் சேர்ந்து வந்துவிடும்.

மாமியாருக்கு இதயம் பலவீனம், உப்பைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் பஸ்ஸிலேயே மாமியார் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மாமியாரின் சின்ன மகன் கப்பலில் சமையல்காரன். தெரிந்தால் வேலையை உதறிவிட்டு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிடுவான். பெரியவனிடமும், அதாவது இவள் கணவனிடமும், சொல்ல முடியாது, அவன் வாயில் எதுவும் தங்காது. தனியாகச் சமைத்தால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள். ஆக, வீட்டுக்கே உப்பில்லாத சாப்பாடு. கணவனும் பிள்ளைகளும் தட்டில் உப்பைக் கொட்டிக்கொண்டு அவளைத் திட்டினார்கள். அவள் மட்டும் மாமியாரோடு அப்படியே சாப்பிட்டாள். திட்டு பழகிவிட்டது. ஆனால் புது ஆள் வந்தால் முதல் நாளே உப்பை அள்ளிப் போடுவாளே...

அன்று சின்னவன் விடுமுறையில் வருகிறான். அவன் சொல்லிக்கொடுத்த இத்தாலியக் காய்கறி சூப்தான் வேண்டுமாம். வெங்காயம், கேரட், செலரித் தண்டைப் பொடியாக நறுக்கி ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்கினாள். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஊறவைத்து வேகவைத்த வெள்ளை பீன்ஸ், கடைசியில் குட்டிப் பாஸ்தா. இடுப்பு ஒடிந்தது. பாக்கி ஒன்றுதான். பழைய சீஸ் கட்டியின் கெட்டி ஓரத்தைப் போட்டுக் கொதிக்கவிட்டு, பிறகு எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவன் கொண்டுவந்து தருவது. அத்தனையும் உப்பு. அவள் அதைத் தொடவில்லை.

சின்னவன் ஒரு வாய் குடித்தான். சீஸின் ருசியே இல்லை. எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். அவன் தந்த ஓரங்கள் அத்தனையும் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் கிடந்தன.

"குப்பைன்னு நினைச்சீங்களா அண்ணி? எங்க அண்ணிக்குன்னு சொல்லி, கப்பல்ல யாரையும் தூக்கிப் போட விடாம எடுத்து வெச்சேன்..."

கணவனுக்குச் சொல்லவா வேண்டும்? இவளுக்கு இந்த வீட்டின் மேலேயே மனசில்லை என்று ஆரம்பித்தான். அவள் கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கண்ணீர் கரண்டியில் விழ, மறுபடி துடைத்தாள்.

மாமியார் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

"போதும். உப்பு எனக்குத்தான் ஆகாது. நெஞ்சுல கோளாறு. உன் கப்பல் வேலை போயிடக் கூடாதுன்னு நான்தான் இவ வாயை அடைச்சேன். இவ பேச்சு வாங்குறது தெரியும்... தெரிஞ்சும் பேசாம இருந்தேன். திட்டு இவளுக்கு, உயிர் எனக்கு."

மாமியார் பயந்தபடியே சின்னவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டான். கணவன் தட்டைப் பார்த்தபடி, சமையலுக்கு ஆள் வேண்டாம் என்று மட்டும் முணுமுணுத்தான்.

மாமியார் எழுந்து தன் பங்கைச் சின்னப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டாள். மீதி சூப்பில் தன் கையாலேயே சீஸ் ஓரத்தைப் போட்டாள். அது ஊறிக் கொதித்ததும் முதல் கிண்ணத்தை மருமகளிடம் நீட்டினாள்.

"இனிமே எனக்குத் தனியாவே வை. நீ வாய்க்கு ருசியா சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு... குடிம்மா."

அவள் ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுருங்கியது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, காலிக் கிண்ணம் ஒன்றைச் சின்னப் பாத்திரத்தின் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு இது கரிக்குது அத்தை. உங்க சூப்பையே ஊத்துங்க."

மாமியார் கரண்டியை எடுத்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு மருமகளின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.