கொட்டகையில் இருக்கிறவங்க

பொன்னாயியின் கூந்தலில் பெட்ரோல் வாசம் அடித்தது.

காலையில் காப்பித் தம்ளரை வைக்க அவள் குனிந்தபோதுதான் சின்னசாமி அதைக் கவனித்தார். சீயக்காயும் சாம்பிராணியும் மணக்கிற கூந்தல் அது. கல்யாணமான புதிதில் அந்த மணத்தை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் எஸ்டேட் வேலைக்குத் தாமதமாகப் போய், அவர் ரைட்டரிடம் வாங்கிய வசவுகளைச் சரமாகக் கோத்தால் சேர்வராயன் மலையையே மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டலாம். அந்தக் கூந்தலிலிருந்து இப்போது பழைய பெட்ரோலும் சூடேறிய இரும்பும் மழையில் நனைந்த கித்தானும் கலந்த ஒரு நெடி வந்தது.

“தலையில என்ன புள்ள நாத்தம்?”

“நாத்தமா? நல்லாத்தானுங்களே இருக்குது.”

பின்னலை முன்னால் இழுத்து மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், திரும்பத் திரும்ப மோந்தாள்.

சின்னசாமிக்கு அந்த நெடி புதிதல்ல. அவருடைய சட்டையிலும் நகக்கண்ணிலும் எந்நேரமும் இருப்பதுதான். ஆனால் பொன்னாயி அந்த லாரிக் கொட்டகைக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்று சபதம் போட்டவள்.

வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை. அதற்குள் லாரி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பட்டாளத்து வண்டி. யுத்தம் முடிந்ததும் ராணுவம் அதைக் கழித்துக் கட்டியது. ஒரு எஸ்டேட் துரை வாங்கி மரம் இழுக்க வைத்தார். சுதந்திரம் வந்து துரை கப்பலேறியபின் உண்ணிச்செடிப் புதருக்குள் கிடந்து துருப்பிடித்தது. சின்னசாமி டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, புது முதலாளி கைக்கடிகாரம் நீட்ட, கடிகாரம் வேண்டாம், அந்த லாரியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கிளியூரில் இருந்த தன் வீட்டுக்கு அதை இழுத்துவர நாலு ஜோடி மாடு பிடித்தது. அதில் இரண்டு மாடு அப்புறம் எந்த வண்டியைப் பார்த்தாலும் படுத்துக்கொண்டன. இன்ஜினுக்குள் குடியிருந்த எலிகளுக்கு ரேஷன் கார்டு கொடுத்திருந்தால் ஏற்காட்டில் அரிசிப் பஞ்சமே வந்திருக்கும்.

பொன்னாயி அந்த லாரிக்கு வைத்த பெயர் சக்களத்தி.

“சக்களத்திக்குப் பவுடர் அடிச்சாச்சுங்களா?” என்பாள், அவர் பெயிண்ட் கையோடு வரும்போது. “அவ அடிமடியிலயே படுத்துக்கறதுதானுங்க? ஊட்டுக்கு எதுக்கு வர்றீங்க?”

சின்னசாமிக்கு அதைக் கேட்கக் கேட்க வயது பத்துப் பத்தாகக் குறையும். தலை நரைத்த பிறகும் தன்னை நினைத்து ஒருத்தி வயிறெரிகிறாளே! அதற்காகவே துடைத்த போல்ட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு கொட்டகையில் கிடந்தார்.

கூந்தலில் நெடி வருவதற்கு முன்பே இன்ஜின் தயாராகியிருந்தது. ஒரே ஒரு குறை. வாட்டர் பம்பில் தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் கசிந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் அங்கே கொழுப்புத் தடவிய கயிற்றைச் சுற்றித் திணித்து அடைப்பார்கள். வாங்கிவரச் சொல்லி பஜாரில் வெல்டிங் கடை வைத்திருந்த ஜேசுதாஸிடம் சொல்லியிருந்தார்.

“அந்தக் கயிறு சேலத்துலயே இல்லீங்களாம்ணா,” என்று ஜேசுதாஸ் வெறுங்கையோடு வந்தான். “வெள்ளக்காரன் போகையில பொட்டியில போட்டுட்டுப் போய்ட்டானாட்ட இருக்குது.”

ஆடிப்பெருக்கு வந்தது. பொன்னாயி தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசிய புதுக்கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டாள். கழற்றிய பழைய கயிற்றை வாழையிலையில் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

“ஏரித் தண்ணியில உட்டுப்போட்டு வாங்க. வேற எங்கீம் வெச்சுப்போடாதீங்க.”

கோணல் ஆணியைக்கூடக் குனிந்து பொறுக்குகிற மனிதர் சின்னசாமி. ஏரிக்குப் போகும் வழியில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பம்பு சொட்டிக்கொண்டிருந்தது. கையில் கயிறு. ஒரு வருஷம் அவள் கழுத்தில் கிடந்து, மஞ்சளும் வேர்வையும் ஊறிப் பதமான நல்ல பருத்திக் கயிறு. ஆட்டுக்கொழுப்பைத் தடவினார். தண்டைச் சுற்றித் திணித்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

சொட்டு நின்றது. ஹேண்டிலை ஒரு சுற்றுத்தான் சுற்றினார். இருபத்தைந்து வருஷம் வாய் திறக்காத இன்ஜின் முழங்கிய முழக்கத்தில் தூரத்து மாரமங்கலத்து மிளகுக்கொடியெல்லாம் மரத்தைவிட்டு இறங்கியிருக்கும். துள்ளிக் குதித்துக்கொண்டு அவர் வெளியே ஓடிவந்தபோது, பின்வாசலில் பொன்னாயி நின்றாள். ஒரு கையால் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“உட்டுப்போட்டு வந்துட்டீங்களா?”

“ஏரியிலதான்,” என்றார் சின்னசாமி.

அன்றோடு சக்களத்தி என்ற பேச்சு நின்றது. முதலில் அவருக்கு அது உறைக்கவில்லை. கேலி செய்து களைத்துவிட்டாள் என்று நினைத்தார். பிறகு கூந்தலில் அந்த நெடி. பிறகு வீட்டு வாசலில் போடும் கோலத்தைவிடப் பெரிய கோலம் ஒன்று கொட்டகை வாசலில். பிறகு ஒரு பனி நாளில் அவருடைய கம்பளியைக் காணோம். தேடிப்போனால் லாரியின் பானெட் மேல் அது சுருக்கமில்லாமல் போர்த்தியிருந்தது.

“என்னத்துக்குப் புள்ள இது?”

“அவங்களுக்கு நொம்பக் குளிருதுங்க.”

“எவங்களுக்கு?”

பொன்னாயி கொட்டகைப் பக்கம் முகத்தால் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ‘அவங்க’ என்று சொன்னது ஒரே ஒருவரைத்தான். கடைக்காரனிடமும் பக்கத்து வீட்டிலும், புருஷன் பெயரைச் சொல்லாமல், அவங்க வந்தாங்க, அவங்க சாப்பிட்டாங்க என்பாள். அந்த வார்த்தை சின்னசாமியுடையது. பட்டா போட்டுக் கொடுத்ததுபோல் அவருடையது.

லாரி மேல் பொறாமை! வெளியே சொன்னால் அந்தச் சிரிப்பு பஜாரில் ஆரம்பித்து, வளைவு வளைவாக இறங்கிச் சேலம் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கும். ஆனாலும் அவர் நெஞ்சுக்குள் ஒரு ரம்பம் போய்ப் போய் வந்தது. வெந்த குழம்பின் முதல் கரண்டி எங்கே போகிறது என்று பார்த்தார். அவள் பூ வைத்துக்கொள்கிற நேரத்தைப் பார்த்தார். மத்தியானம் பனி இறங்கி, காப்பிச் செடிகள் மறைந்து, கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சும்போது, கொட்டகைக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. நெடுந்தூரம் ஓடிவந்து நின்ற இன்ஜின் ஆறும்போது இரும்பு சுருங்குமே, அந்தச் சத்தம். டிக். டிக். வண்டியை அவர் எடுக்கவே இல்லை.

ஜேசுதாஸ் ஒருநாள் வந்து வீட்டு வாசலில் தயங்கி நின்றான்.

“கொட்டகைக்குத்தானுங்ணா போனேன். அண்ணி உள்ளார பேசிட்டிருந்தாங்க. யாரோ ஒறம்பரை வந்திருக்காங்களாட்டன்னு திரும்பிட்டேன்.”

“யாருகிட்டப் பேசுனா?”

“அது தெரியலீங்க. அண்ணி கொரல் மட்டுந்தான் கேட்டுது.” ஜேசுதாஸ் காதைத் தேய்த்துக்கொண்டான். “ஆனா நிறுத்தி நிறுத்திப் பேசுனாங்க. பதிலக் கேட்டுட்டு அப்புறம் பேசறாப்புல. நடுவால ஒரு சிரிப்பு வேற.”

அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று சின்னசாமிக்குத் தெரியும். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பது. அவருக்கென்று வைத்திருந்த சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று?

அப்போதுதான் கயிறு நினைவுக்கு வந்தது.

ஜேசுதாஸை அனுப்பிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். உள்ளே மல்லிகையும் பெட்ரோலும் ஒன்றாக மணத்தன. இன்ஜின் மேல் கை வைத்தார். உடம்புச் சூடு. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. பம்பின் மூடியைக் கழற்றி, கொக்கிக் கம்பியால் கயிற்றின் நுனியைப் பிடித்தார். இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். ஈரமாக, மஞ்சளாக, புதிதாக வந்தது. அவர் திணித்தது ஒரு முழம்தான். காலடியில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது.

வீட்டுக்குள் பாத்திரம் விழுந்தது.

அப்புறம் ஒரு சத்தம். தொண்டையிலிருந்து. காற்றுக் கிடைக்காத தொண்டை.

“பொன்னாயி?”

பின்வாசல் வழியே தெரிந்தாள். அடுப்படித் தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. முகம் கறுத்து. கண் பிதுங்கி. அந்தக் கண் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், லாரியைப் பார்த்தது. காப்பாத்துங்க என்று பார்த்தது.

அதைக் கண்டதும் சின்னசாமியின் கை இன்னும் ஒரு பிடி இழுத்தது.

ஒரே ஒரு பிடி. பிறகுதான் விட்டார். விட்டதும் கயிறு பாம்புபோல் சரசரவென்று உள்ளே ஓடி மறைந்தது. அவர் உள்ளங்கை எரிந்தது. பொன்னாயி இருமினாள், மூச்சை வாரிக் குடித்தாள். ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டார்.

அவள் கூசி விலகினாள். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“தொடாதீங்ணா,” என்றாள். “அவங்க பார்த்தா நல்லாருக்காது.”

அண்ணா.

சின்னசாமி சுவரில் சாய்ந்து நின்றார். கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அந்நியர் வீட்டு அடுப்படிக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல் கூச்சம் வந்தது. அதுதான் அவரை உலுக்கியது.

கொட்டகைக்குத் திரும்பி ஓடினார். பேட்டரியைத் தூக்கி வெளியே எறிந்தார். பிளக்குகளைக் கழற்றி வேட்டி மடியில் கட்டினார். பெட்ரோலைத் திறந்து மண்ணில் விட்டார். கதவை இழுத்துப் பூட்டினார். கயிற்றைத் தொட முடியாது; தொட்டால் அவள் செத்துவிடுவாள். கயிறு அங்கேயே கிடக்கட்டும், வண்டி நகராமல் இருந்தால் போதும். இவள் வீட்டுக்குள் இருந்தால் போதும். அவரை அண்ணா என்றே கூப்பிடட்டும். இருந்தால் போதும்.

வீட்டுக்குள் வந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

“பொன்னாயி?”

கூரையில் சொட்டுச் சத்தம்.

“புள்ள?”

முன்வாசல் திறந்திருந்தது. பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

பின்னால் இன்ஜின் முழங்கியது.

மடியில் பிளக்குகள் கனத்தன. சின்னசாமி ஓடினார். கொட்டகைக் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. கதவு இடுக்கில் பார்த்தார். அந்தப்பக்கம் எதுவும் இல்லை. தரையில் ஈரச் சக்கரத் தடம். தடம் ரோட்டுப் பக்கம் போயிற்று. காப்பிச் செடிகளை மிதித்துக்கொண்டு குறுக்கே விழுந்து ஓடினார். கிளை முகத்தில் கீறியது. செருப்பு எங்கோ போயிற்று. வளைவில் முந்திக்கொண்டார். ரோட்டு நடுவே நின்று இரண்டு கையையும் விரித்தார்.

பனிக்குள்ளிருந்து லாரி வந்தது. நிதானமாக. கல்யாண ஊர்வலத்து வேகத்தில்.

அவரைச் சுற்றி ஒதுங்கியது. மரியாதையாக.

கண்ணாடிக்குப் பின்னால் பொன்னாயி. தலை நிறையப் பூ. முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டீயரிங் தானாகத் திரும்பிற்று. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது; கதவு அதிர்ந்தது, கூரை அதிர்ந்தது. அவள் தலை மட்டும் அசையவில்லை.

அது அந்தக் காலி சீட்டின் பக்கமாகச் சாய்ந்து, காற்றின் மேல், ஒரு தோளின் உயரத்தில் சுகமாகப் பதிந்திருந்தது.