முன்விளக்கில் ஒரு மஞ்சள் விளிம்பு

"யாரோ என் கார் கண்ணைக் குருடாக்குறாங்கம்மா. யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க வந்து ஒரு வார்த்தை உறுதி பண்ணிட்டாப் போதும், இன்னிக்கே அவனை வீட்டை விட்டு வெளியே தள்ளிடறேன்."

செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்த டாக்ஸிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் மூச்சு விடவில்லை. எதிரே இருந்தவர் சர்வேயரம்மா. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது நிஜமான விபத்து, எது ஜோடனை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதிலேயே முப்பது வருஷத்தை ஓட்டியவர். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக அவருடைய நாத்தனார். டைப்பிஸ்ட் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற நாத்தனாருக்கு உலகத்தில் எல்லார் மேலும் சந்தேகம். பால் பாக்கெட் ஒன்று குறைந்தாலே கடைக்காரர் முகத்தில் கள்ளக் களை தெரிகிறது என்பார்.

விஷயம் இதுதான். டாக்ஸிக்காரருடையது ஏழு பேர் உட்காரும் கார்; வயது பன்னிரண்டு. ஹெட்லைட் இரண்டும் வெயில் பட்டுப் பட்டு மஞ்சளித்து மங்கிவிட்டன. ஞாயிறுதோறும் அவரே டேப் ஒட்டி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்குவார். திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழுந்தால் இரண்டும் பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடக்கும். தொடர்ந்து மூன்று வாரமாக இதே கூத்து.

"திங்கக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு நர்ஸுங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்மா. இருட்டுற நேரம். லைட் இல்லாம எப்படிப் போறது? ரெண்டு தடவை டிரிப்பை விட்டுட்டேன். இன்னொரு தடவை வரலைன்னா வேற வண்டி பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. இருபது வருஷப் பொழப்பும்மா!"

"யாரைச் சந்தேகப்படறீங்க?"

"என் மச்சானைத்தான். பொண்டாட்டியோட தம்பி. எங்க வீட்டு மாடியில சும்மா தங்க வெச்சிருக்கேன். கார் கழுவுற கடையில வேலை. மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவான். போன மாசம், 'அத்தான், காரை எங்கிட்ட குடுத்துடுங்க, நான் ஓட்டறேன்'னு கேட்டான். முடியாதுன்னுட்டேன். அதுல இருந்துதான் இந்த வேலை. பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லலை. தம்பியைச் சொன்னா அழுவா."

நாத்தனார் நோட்டில் 'மச்சான்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார். அவரைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

டாக்ஸிக்காரர் வீட்டின் முன்புறம் தகரக் கொட்டகையில் கார் நின்றிருந்தது. சர்வேயரம்மா முழங்கால் மடக்கி உட்கார்ந்து விளக்கின் மேல் நகத்தை ஓட்டினார்.

"முரட்டு உப்புத்தாள். அதுவும் தண்ணி தொடாம தேய்ச்சது" என்றார். பிறகு விளக்கைச் சுற்றியிருந்த பெயின்ட்டை வெகுநேரம் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. கீறல்கள் எல்லாம் விளக்கின் விளிம்போடு வரைந்து வைத்தது போல நின்றிருந்தன. வலது விளக்கின் மேலோரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பழைய மஞ்சள் அப்படியே இருந்தது.

"நேத்து முழுசும் தேய்ச்சீங்களா?"

"பளிங்கும்மா பளிங்கு! ஒரு பொட்டு மஞ்சள் விடலை. அதுக்கு மேலதான் இந்தப் பாவி கை வெச்சிருக்கான்."

ஆம்பிளைங்க தன் வேலையைத் தானே மெச்சிக்கிறதைப் பாரு என்று நாத்தனார் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார். சர்வேயரம்மா சிரிக்கவில்லை. பம்பருக்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டு நீல நிறப் பேப்பர் டேப்பை உரித்து எடுத்தார்.

"உங்க டேப்பா?"

"நான் வெள்ளைதாம்மா வாங்குவேன்."

மாடிக்கு ஓடிய நாத்தனார் கையில் ஒரு முரட்டு உப்புத்தாளோடு இறங்கி வந்தார். "அண்ணி, மச்சான் பையில இருந்துச்சு! ஒரு மூலையைக் கிழிச்சு எடுத்திருக்கு பாருங்க!"

"முதல்ல டீ குடிப்போம்" என்றார் சர்வேயரம்மா.

சமையலறையில் டாக்ஸிக்காரரின் மனைவி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட தையலை எடுத்துக்கொண்டார். கண்ணாடி போடாமலே ஊசியில் ஒரே தடவையில் நூல் கோத்தார். அவர் தலைக்கு மேலே அலமாரியில் ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நீல டேப்பின் மேல் கறுப்பு மையில், விரல் உயர எழுத்தில், உப்பு, சர்க்கரை, மிளகு என்று பெயர்.

"வயசாச்சு இல்ல?" டாக்ஸிக்காரர் சிரித்தார். "எங்க வீட்டம்மாவுக்கு உப்பு எது சர்க்கரை எதுன்னே மறந்துபோச்சு. பேர் எழுதி ஒட்டிட்டா!"

மனைவியும் சிரித்தார். நாத்தனாரின் சந்தேகம் இப்போது மச்சானை விட்டு மெல்ல நகர்ந்து அந்த அம்மாவின் மேல் உட்கார்ந்தது. ஆனால் சொந்தப் புருஷன் பிழைப்பில் மண் போடுகிற முகமா இது என்று அவருக்கே குழப்பமாக இருந்தது.

நாலு மணிக்கு மச்சானைக் கடையிலிருந்து கார் கொட்டகைக்கு வரவழைத்தார்கள். ஈரச் சட்டையோடு வந்து நின்றவன் உப்புத்தாளைப் பார்த்ததும் முகம் சிவந்தான்.

"என் பையில இருந்ததுதான். ஆனா நான் தேய்க்கலை அத்தான், சத்தியமா."

"சோறு போட்ட கையைக் கடிச்சிட்டுச் சத்தியம் வேறயா? பெட்டியைக் கட்டுடா!"

"கொஞ்சம் பொறுங்க" என்றார் சர்வேயரம்மா. "முப்பது வருஷத்துல வன்மத்துல வண்டியைக் கெடுத்தவங்களை நிறைய பாத்திருக்கேன். ஆணியால கிழிப்பாங்க, கல்லால அடிப்பாங்க. பெயின்ட்டுல கீறல் விழக்கூடாதுன்னு டேப் ஒட்டிட்டுக் கெடுத்தவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"காரை வாங்க நினைக்கிறவனும் அப்படித்தானே பாதுகாப்பான், அண்ணி?" என்றார் நாத்தனார், விடாமல்.

"நல்ல கேள்வி. ஆனா டேப் சமையலறை டேப். மாடியில இருக்கிறவர் டேப்புக்காக அங்க ஏன் போகணும்? இன்னொண்ணு. ஊசியில நூல் கோக்கற கண்ணுக்கு எதுக்கு விரல் உயர எழுத்து? அந்தப் பேரெல்லாம் யார் படிக்கறதுக்கு?"

சர்வேயரம்மா டாக்ஸிக்காரர் பக்கம் திரும்பினார். "வலது லைட்டுல ஒரு இடத்துல மஞ்சள் போகவே இல்லை. எங்கேன்னு காட்டுங்க."

"மஞ்சளா? எங்கே?" அவர் குனிந்தார். முகத்தை விளக்குக்கு அருகில் கொண்டுபோனார். தலையைச் சாய்த்தார். அவர் விரல் விளக்கின் கீழ்ப்பக்கம் தடவியது, நடுவில் தடவியது, கடைசியில் ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தில் நின்றது. "இதுவா?"

மேலோரத்து மஞ்சள் வாசல்வரை தெரிந்துகொண்டிருந்தது. நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கண்ணை நம்பி நாலு நர்ஸுகள் உட்கார்ந்து போகிறார்கள்.

"போதுங்க! நான்தான் தேய்ச்சேன்!" மனைவி உடைந்து அழுதுகொண்டே முன்னால் வந்தார். "தம்பி பையில இருந்துதான் எடுத்தேன். போன மாசம் ஒரு சைக்கிள் பொண்ணு மேல ஏத்தப் போனீங்களாமே? மயிரிழையில அந்தப் பொண்ணு தப்பிச்சுதுன்னு நர்ஸம்மா வந்து சொன்னாங்க. கேட்டா, எதிர் வண்டி லைட்டு கூசுச்சுன்னு சொன்னீங்க. டாக்டர்கிட்ட போகலாம்னு சொன்னா எரிஞ்சு விழுந்தீங்க. தம்பியை விட்டுக் காரைக் கேக்க வெச்சேன், அதுவும் நடக்கலை. லைட்டு சரியில்லைன்னாவாவது இருட்டுல ஓட்ட மாட்டீங்கன்னு... அப்பவும் உங்க கார்ல ஒரு கீறல் விழ மனசு வரலைங்க."

டாக்ஸிக்காரர் மெல்ல நிமிர்ந்தார். கோபம் வரப்போகிறது என்று நாத்தனார் ஓரடி பின்வாங்கினார். வரவில்லை.

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"டீயில நீங்க உப்பைப் போட்டுக் குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு சமாளிச்சீங்களே, அன்னையில இருந்து. மறுநாளே பேர் எழுதி ஒட்டிட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று மாதமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளுடைய மறதியைச் சொல்லிச் சிரித்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவளும் கூடவே சிரித்திருக்கிறாள்.

"கண்ணுல புரையா இருக்கும். சின்ன ஆபரேஷன், மறுபடியும் ஓட்டலாம்" என்றார் சர்வேயரம்மா. நாத்தனார் நோட்டைத் திறந்து, 'மச்சான்' என்ற பெயரைச் சத்தமில்லாமல் அடித்தார்.

டாக்ஸிக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மச்சானிடம் நீட்டினார். "நர்ஸுங்க காத்துட்டு இருப்பாங்க. நேரமாகுது. லைட்டைப் பாலிஷ் போட்டு நீ எடுத்துட்டுப் போடா."

"நீங்க, அத்தான்?"

"நான் பக்கத்து சீட்டுல வரேன். அவங்களை இறக்கி விட்டுட்டு, அதே ஆஸ்பத்திரியில என்னையும் இறக்கி விடு." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் வா. அங்க போர்டைப் படிச்சுச் சொல்ல ஆள் வேணும்."